வேன்காரர் வாங்கிய முழு மதிப்பெண்

மனநல மருத்துவமனையின் ஏழாம் எண் அறையில் முப்பத்தோரு வருஷமாக அவள் பார்த்த வேலையைச் சுருக்கமாகச் சொன்னால், யார் நடிக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பதுதான். வேலை உத்தரவில் அப்படி இல்லை. 'உளவியல் சோதனைகளை முறைப்படி நடத்திக் குறிப்பெடுப்பவர்' என்றுதான் இருந்தது. ஆனால் எதிர் நாற்காலியில் வந்து உட்காருகிறவர்களில் பாதிப் பேருக்கு ஏதோ ஒரு காரியம் ஆக வேண்டியிருந்தது. வழக்கிலிருந்து தப்ப வேண்டியவன் ஒன்றும் ஒன்றும் மூன்று என்பான். வேலைக்குத் திரும்ப வேண்டியவன் கண்ணுக்குக் கீழே கருவளையத்தோடு உட்கார்ந்துகொண்டு, "படுத்தா கட்டைதான் மேடம்" என்பான். நிஜமாகவே புத்தி பேதலித்தவனுக்கும் ஒன்றும் ஒன்றும் இரண்டு என்று தெரியும், தெரியாதது நடிக்கிறவனுக்கு மட்டும்தான் என்பது அவள் அனுபவத்தில் கண்ட சூத்திரம்.

மரக்கட்டைகளை அடுக்கச் சொல்லுவாள். மை தெளித்த அட்டைகளைக் காட்டி என்ன தெரிகிறது என்பாள். பதினைந்து வார்த்தைகளைப் படித்துவிட்டுத் திருப்பிச் சொல்லச் சொல்லுவாள். சந்தேகம் வந்தால் தாளின் ஓரத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு 'ந' போடுவாள். ந என்றால் நடிப்பு. ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அவள் கேள்வியக்கா. வீட்டிலும் அதே கதைதான். பக்கத்து வீட்டுக்காரி தலைவலி என்று வந்தால், எந்தப் பக்கம், எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று கேட்டு, பதில்கள் ஒன்றோடொன்று ஒட்டுகின்றனவா என்று பார்ப்பாள். "என் பொண்டாட்டிகிட்ட காலை வணக்கம் சொன்னாகூட ஆதாரம் கேப்பா" என்பார் அவள் கணவர். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். அவரை எல்லோரும் வேன்காரர் என்றே கூப்பிட்டார்கள்.

அந்த முப்பத்தோரு வருஷத்தில் கேள்வியக்காவுக்கு மேலே நான்கு உளவியலாளர்கள் வந்துபோனார்கள். ஒவ்வொருவரும் புதிதாகப் பயிற்சிக்கு வருகிறவர்களை உட்காரவைத்து இந்தத் துறையின் வரலாற்றைச் சொல்வார்கள். பின்வரிசையில் உட்கார்ந்து நான்கு பேர் சொன்னதையும் அவள் கேட்டிருக்கிறாள். ஆரம்பம் எல்லோருக்கும் ஒன்றுதான். நூறு வருஷத்துக்கும் முன்னால், எழுத்துக்கூட்ட வராத ஒரு பையனை அவனுடைய டீச்சர் ஒரு பல்கலைக்கழகத்து ஆளிடம் கூட்டிக்கொண்டு போகிறாள். புத்தகத்தில் இருந்த மனசைப் பற்றிய படிப்பு அன்றைக்குத்தான் ஒரு ஆளின் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தது. அப்புறம் முதல் உலகப் போர் வருகிறது, சிப்பாய்களை வரிசையில் நிற்கவைத்துச் சோதனைத் தாள் கொடுக்கிறார்கள். உளவியலாளர் என்றால் அளந்து சொல்கிறவர், அவ்வளவுதான். குணப்படுத்துவது டாக்டர் வேலை. இரண்டாம் போர் முடிந்து மனசு உடைந்து திரும்பியவர்களைப் பார்க்க டாக்டர்கள் போதவில்லை. அதுவரை அளவுகோலோடு வாசலில் நின்றவர்களை உள்ளே வரச் சொல்லிவிட்டார்கள்.

இதுவரை நான்கு பேருக்கும் ஒரே கதை. இதற்கப்புறம் ஆளாளுக்கு மாறும். எல்லார் கதையும் கடைசியில் சொல்கிறவரின் வாசலில்தான் வந்து நிற்கும். அதனாலேயே அவளுக்கு அந்த வரலாற்றின் மேல் ஒரு சந்தேகம்.

முதலாமவர் கனவுக்காரர். அறையில் நீளமாக ஒரு சோபா. நோயாளி அதில் படுத்துக்கொண்டு கனவைச் சொல்ல வேண்டும். "வாயில வர்றது வெறும் உறைம்மா, கடுதாசி உள்ளே இருக்கு" என்பார். அவளுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. யாரையும் நம்பாதே என்பதைப் படித்தவர் வாயால் கேட்டால் யாருக்குத்தான் பிடிக்காது?

இரண்டாமவர் வந்த அன்றே சோபாவைத் தாழ்வாரத்துக்குத் தள்ளினார். "உள்ளே என்ன இருக்குன்னு எனக்குத் தெரிய வேண்டாம். ஆள் லிஃப்டில ஏறுறானா இல்லையா, அதைச் சொல்லு." லிஃப்ட் என்றாலே வியர்த்துக் கொட்டிய ஒருவனோடு பதினோரு நாள், நாளைக்கு ஒரு மாடி கூடுதலாக, தானும் ஏறி இறங்கினார். பன்னிரண்டாம் நாள் அவன் தனியாகப் போனான். அவருக்கு லிஃப்ட்காரர் என்று பெயர்.

மூன்றாவதாக வந்த அம்மா எதுவுமே செய்யவில்லை. நோயாளி பேசுவார், அவர் "உம்" என்பார். 'என்னை யாருக்கும் பிடிக்கலை' என்றால், 'யாருக்கும் பிடிக்கலைன்னு தோணுது' என்பார். "உம் கொட்டுறதுக்கு இவ்வளவு படிச்சவங்க எதுக்கு?" என்று கேள்வியக்கா டோக்கன்காரரிடம் பொருமினாள். வாசலில் டோக்கன் கொடுப்பவர் அவர். "அக்கா, நீங்க வேற. என் பொண்டாட்டி ஒரு நாள் அப்படிக் கேட்டுக்கிட்டா நானே ஆஸ்பத்திரியில அட்மிட் ஆயிடுவேன், அதிர்ச்சியில" என்றார் அவர். என்ன மாயமோ, அந்த அம்மாவிடம் வந்தவர்களும் தேறித்தான் போனார்கள். அதுதான் எரிச்சல்.

நான்காவது, இப்போது இருக்கும் சின்ன மேடம். கேள்வியக்காவின் மகள் வயசு. இவருடையது ரெண்டு கட்டம் போட்ட ஒரு தாள். 'எனக்கு நெஞ்சு வலி, செத்துப்போவேன்' என்று வருகிறவரிடம், இந்த எண்ணத்துக்கு ஆதரவாக என்ன ஆதாரம், எதிராக என்ன ஆதாரம், எழுதுங்கள் என்பார். எழுதிப் பார்த்தால் எண்ணம் தானாகவே கொஞ்சம் தளரும். ஆதாரம் என்ற வார்த்தையைக் கேட்டதுமே கேள்வியக்காவுக்கு இந்தப் பெண்ணின் மேல் ஒரு மரியாதை வந்தது.

இந்த நிலையில்தான் வேன்காரரின் நடவடிக்கை மாறியது.

முன்பெல்லாம் கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்தே எத்தனை பிள்ளைகள் ஏறியிருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவார். இப்போது விரலை நீட்டி, வாய்விட்டு எண்ணுகிறார். வெயில் மறைப்பானின் பின்பக்கம் நிறுத்தங்களை எழுதி ஒட்டியிருக்கிறார், இருபத்திரண்டு வருஷமாக ஓட்டுகிற அதே சாலைக்கு. வேனை நிறுத்திப் பூட்டிவிட்டு வீட்டுப் படி ஏறியவர், திரும்பிப் போய் மறுபடி கதவைத் திறந்து பார்க்கிறார். சாப்பிடும்போது ஏதாவது கேட்டால் ஒரு வினாடி தாமதித்து, "என்ன சொன்னே?" என்கிறார்.

இதையெல்லாம் ஏழாம் எண் அறையில் அவள் எத்தனை பேரிடம் பார்த்திருக்கிறாள்! ஞாபகம் நழுவ ஆரம்பித்தவர்கள் முதலில் செய்வது மறப்பதல்ல, மறைப்பது. எழுதி வைத்துக்கொள்வார்கள். எண்ணிப் பார்ப்பார்கள்.

"என்னங்க, எதையாவது மறந்துடுறீங்களா?"

"உன்னைக் கட்டிக்கிட்டதை மறக்கலாம்னு பாக்கறேன், முடியலை."

ஜோக் அடித்தார். ஆனால் அவள் முகத்தைப் பார்க்காமல் அடித்தார். அவள் மனசுக்குள் பென்சிலை எடுத்தாள்.

அறுபதை நெருங்கும் ஓட்டுநர்கள் எல்லோரும் கண், ரத்த அழுத்தம், ஞாபகம் மூன்றுக்கும் சான்று வாங்கிவர வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் அந்த வருஷம் புதிதாகச் சொன்னார்கள். ஞாபகச் சோதனைக்கு அவள் ஆஸ்பத்திரிதான். தன் வீட்டு ஆளைத் தானே சோதிக்கக் கூடாது என்பது விதி. அதனால் சின்ன மேடமே நடத்தினார். கேள்வியக்கா வாசலில் டோக்கன்காரர் பக்கத்தில் உட்கார்ந்து, பயமும் ஒருவகை நிம்மதியுமாகக் காத்திருந்தாள். உண்மை எப்படியும் தாளில் வந்துவிடும். தாள் பொய் சொல்லாது.

முக்கால் மணி நேரத்தில் கதவு திறந்தது.

"அக்கா, உங்க வீட்டுக்காரர் யானைதான் போங்க!" மேடம் சிரித்துக்கொண்டே வந்தார். "பதினைஞ்சு வார்த்தையும் முதல் தடவையே சொல்லிட்டார். அதுவும் வரிசை மாறாம. கையெழுத்துப் போட்டுட்டேன்."

கேள்வியக்காவின் முதுகில் ஈரத்துணி போட்ட மாதிரி இருந்தது. முப்பத்தோரு வருஷத்தில் முதல் வாசிப்பிலேயே பன்னிரண்டைத் தாண்டிய ஆளை அவள் பார்த்ததில்லை. பதினைந்து, அதுவும் வரிசையாக என்றால் அது ஞாபகமில்லை, மனப்பாடம்.

அந்த மனப்பாடம் எங்கிருந்து வந்தது என்பது உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், குரல் ஏறி இறங்காமல், ஒரு வினாடிக்கு ஒரு வார்த்தை என்று படிக்க வேண்டும், அறையிலேயே இருந்து பழகு என்று கனவுக்காரர் சொல்லியிருந்தார். சோதனைத் தாள் அறையைவிட்டு வெளியே போகக் கூடாது. போனால் சோதனையே பாழ். அவளுக்கு அப்போது புதுக் கல்யாணம், சீக்கிரம் வீட்டுக்குப் போக ஆசை. பட்டியலைக் கைப்பைக்குள் மடித்து வைத்துக்கொண்டு போனாள். அவர் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருக்க, எதிரே உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துப் படித்தாள். கதவு. ஆறு. பொத்தான். மாமா. கயிறு. தேள். மணி. இரண்டு மாதம், தினமும். மகள் பிறந்தபோது அவர் அதற்கு ஒரு மெட்டும் போட்டுத் தோளில் சாய்த்துக்கொண்டு பாடினார். வண்டி, உப்பு, சுவர், பாட்டு. கரண்டி, மேகம், பூட்டு, விதை. குழந்தை விதையில் தூங்கிவிடும். கட்டைகளும் அட்டைகளும் இதற்குள் இரண்டு தடவை புதுசாகிவிட்டன. அந்தப் பட்டியல் மட்டும் அப்படியே இருந்தது.

அன்று சாயங்காலம் அவர் வேனைக் கழுவிக்கொண்டிருந்தபோது நேராகப் போய் நின்றாள்.

"ஏமாத்தினீங்களா?"

அவர் குழாயை மூடவில்லை. "நான் என்ன ஏமாத்தினேன்? அந்தப் பொண்ணு 'கதவு, ஆறு'ன்னு ஆரம்பிச்சுது. எனக்கு என்னமோ நம்ம வீட்டுப் பாட்டை யாரோ பேசுற மாதிரி இருந்துது. பாப்பா ஞாபகம் வந்துடுச்சு."

"அப்பவே சொல்லியிருக்கலாமில்ல?"

"நீதான் எனக்காக அதைப் போடச் சொல்லியிருக்கேன்னு நினைச்சேன்." தண்ணீர் அவர் செருப்பின் மேல் ஓடிக்கொண்டிருந்தது. "முப்பத்திரண்டு வருஷத்துல ஒரு நாளாவது என் பக்கம் நின்னுட்டாளேன்னு சந்தோஷப்பட்டேன். கெடுத்துட்டே."

அவள் குழாயை மூடினாள். இந்த மனுஷன் சொல்வது நிஜமா, இல்லை இதுவும் ஒரு சாமர்த்தியமா?

மறுநாள் லீவு. சமையலறை மேஜையில் ரெண்டு கட்டத் தாளை விரித்து உட்கார்ந்தாள். 'இவருக்கு மறதி வந்துவிட்டது.' ஆதரவுக் கட்டம் மளமளவென்று நிரம்பி, தாளின் பின்பக்கத்துக்கும் போனது. எதிர்க்கட்டத்தில் 'பாட்டு வரி மறக்கவில்லை' என்று மட்டும் எழுதினாள். சந்தேகக்காரி கையில் இந்தத் தாளைக் கொடுத்தால் இதுதான் நடக்கும் என்று சின்ன மேடம் யாருக்கும் சொல்லித்தரவில்லை. லிஃப்ட்காரர் இருந்தால், எழுதினது போதும், கிளம்பு, ஆள் ஓட்டுகிறாரா பார் என்று வேனுக்குள் ஏறியிருப்பார். கனவுக்காரரை நினைக்கவே பயமாக இருந்தது. 'உனக்கு உள்ளே என்ன வேணும்மா?' என்று கேட்டிருப்பார். அவளுக்கு உள்ளே வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. யாரும் எதையும் கண்டுபிடிக்காமல் இருக்க வேண்டும். சொன்னால் தன் வேலைக்கும் பேருக்கும் கேடு, அவர் வேனை விட்டு இறங்க வேண்டும். சொல்லாவிட்டால், திங்கட்கிழமை காலை அந்த வேனில் பத்தொன்பது பிள்ளைகள் ஏறும்.

திங்கட்கிழமை அதிகாலையில் அவர் குளிக்கப் போன நேரம், வேன் சாவியை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்து, அவருக்கு உடம்பு சரியில்லை, வேறு ஓட்டுநரை அனுப்புங்கள் என்று பொய் சொன்னாள். வாழ்க்கையில் அவள் அவ்வளவு தெளிவாகச் சொன்ன முதல் பொய்.

பட்டியல் வீட்டுக்குப் போன கதையை மேடம் முழுசாகக் கேட்டார். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது.

"அக்கா, இந்தப் பட்டியலை வேற யார்கிட்டயாவது படிச்சீங்களா?"

"இல்லை மேடம். சத்தியமா."

"சத்தியம் வேண்டாம். அக்கம்பக்கம்? சொந்தக்காரங்க? பொண்ணோட ஃபிரண்ட்ஸ்?"

முப்பத்தோரு வருஷம் கேட்ட குரல் இப்போது மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. பதில் ஒன்றுக்கொன்று ஒட்டுகிறதா என்று இந்தப் பெண்ணும் பார்க்கிறாள் என்று தெரிந்தது. பார்க்கட்டும்.

சான்று ரத்தானது. மறுசோதனைக்கென்று உறைக்குள் ஒட்டி வைத்திருந்த இரண்டாவது பட்டியலைப் பிரித்தார்கள். அதை வேன்காரர் கேட்டதே இல்லை. வியாழக்கிழமை அவர் வந்தார். மூன்று நாளாக அவளோடு பேசியிருக்கவில்லை. அவளைத் தாண்டி டோக்கன்காரரிடம் மட்டும், "என்னப்பா, நல்லாருக்கியா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார்.

இந்தத் தடவை ஒன்றரை மணி நேரம். முதலில் அவர் வெளியே வந்து, கண் சிவக்க, குழாயடிப் பக்கம் போனார். பிறகு மேடம் அவளைக் கூப்பிட்டுத் தாளைத் திருப்பி வைத்தார்.

நான்கு வார்த்தை. இரண்டாம் வாசிப்பில் ஐந்து. கேள்வியக்கா தாளை மடிக்கப் போனாள்.

"அவசரப்படாதீங்க. கீழே பாருங்க."

கீழே அடுத்த பகுதி. முப்பது வார்த்தைகளை ஒவ்வொன்றாகப் படித்து, இது பட்டியலில் இருந்ததா இல்லையா என்று கேட்பது. முப்பதும் சரி.

"தானா சொல்லுன்னா 'தெரியலை, தெரியலை'ன்னு எட்டு தடவை சொன்னார். முயற்சியே பண்ணலை. ஆனா தப்பா ஒரு வார்த்தைகூடச் சொல்லலை. இருந்துதான்னு கேட்டா கரெக்டா சொல்றார். எல்லாம் உள்ளே போயிருக்கு அக்கா. எடுக்கத்தான் தெம்பில்லை. ஆறு மாசமா ராத்திரிக்கு மூணு மணி நேரம்தான் தூங்குறாராம். ஒரு தாளை வெச்சு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன், ஸ்கேனும் எடுப்போம். ஆனா இது மறதி மாதிரி தெரியலை. மனசு எதையோ தூக்கிட்டு நிக்குது. அதை இறக்கி வைக்கிற வரைக்கும் வேன் வேண்டாம்."

"என்னத்தைத் தூக்கிட்டு?"

"அதை அவர்தான் உங்ககிட்ட சொல்லணும்."

பக்கத்தில் படுத்தவர் ஆறு மாதம் தூங்காமல் கிடந்தது தெரியாமல், அவர் வேன் கதவைத் திறந்து மூடுவதை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள்.

ஸ்கேனில் ஒன்றும் இல்லை. அவளுக்கு ஒரு மெமோ வந்தது. ஆறு மாதம் சோதனை அறைக்குப் போகக் கூடாது, கோப்பறையில் வேலை. பழைய பட்டியலைக் கட்டாகக் கட்டி ஒதுக்கிவிட்டார்கள். கோப்பறையில் தூசி தட்டியபோது அவள் கையெழுத்தில் பழைய தாள்கள் கிடைத்தன. நாற்பது வயசு டெய்லர் ஒருவர். 'தெரியாது' ஒன்பது தடவை. கீழ்ப் பகுதியில் இருபத்தொன்பது சரி. ஓரத்தில் சின்னதாக 'ந'. நன்றாகத் தெரிந்துகொண்டே தெரியாது என்கிறான் என்று அன்றைக்கு அவளுக்கு எவ்வளவு நிச்சயமாக இருந்தது! அந்த ஆளின் விலாசம் இருந்தது, போன் நம்பர் இல்லை. ரப்பரை எடுத்தாள். பிறகு அழித்தால் தப்பு தெரியாமல் போய்விடும் என்று விட்டுவிட்டு, தாளை மேடத்தின் மேஜையில் கொண்டுபோய் வைத்தாள். தூசி தட்டிய அந்த ஒரு நாளில் மட்டும் அப்படி ஏழு தாள்.

புதன்கிழமைதோறும் பத்து மணிக்கு வேன்காரர் மேடத்திடம் வந்தார். கதவு சாத்தியிருக்கும். கோப்பறைக்கும் அந்த அறைக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். சுவர் ஓரத்து அலமாரியை அவள் புதன்கிழமைகளில் அடிக்கடி ஒழுங்குபடுத்தினாள். ஒன்றும் கேட்கவில்லை. ஒருநாள் சிரிப்புச் சத்தம் வந்தது. என்னைப் பற்றித்தான் என்று தோன்றியது.

"என்ன பேசுனீங்க?" பஸ்ஸில் கேட்டாள்.

"ரகசியம்."

"பொண்டாட்டிகிட்ட என்ன ரகசியம்?"

"பொண்டாட்டிகிட்ட ரகசியம் இல்லை. கேள்வியக்காகிட்டதான்."

நான்காவது புதன் முடிந்து, சனிக்கிழமை காலையில் அவர் தானே வந்தார். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து, ஒரு துண்டை எடுத்து மடிக்க ஆரம்பித்தார். நாலாக மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"போன வருஷக் கடைசியில ஒரு நாள், எல்லாப் பிள்ளைங்களையும் இறக்கிட்டு வேனை ஷெட்டுல போட்டுப் பூட்டிட்டேன். தண்ணி பாட்டிலை உள்ளயே விட்டுட்டோமேன்னு திரும்பிப் போனேன். கடைசி சீட்டுல அந்த யூ.கே.ஜி. குட்டி, பச்சை ரிப்பன் கட்டுமே, அது தூங்கிட்டு இருக்கு. ஜன்னல் எல்லாம் சாத்தியிருக்கு. தூக்குறேன், சட்டையெல்லாம் வேர்வை. கண்ணைத் திறந்து, 'ஸ்கூல் வந்துடுச்சா மாமா?'ன்னு கேக்குது."

அவள் கை நின்றது.

"கிளாஸுல கொண்டுபோய் விட்டேன். லேட்டா வந்துதுன்னு டீச்சர்கிட்ட சொல்லிட்டேன். யாருக்கும் தெரியாது. பாட்டிலை மட்டும் நான் மறக்காம இருந்திருந்தா…"

"எவ்வளவு நேரம் உள்ளே இருந்துது?" என்றாள் அவள்.

கேட்டு முடித்த பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவளுக்கே உறைத்தது.

"இருபது நிமிஷம்" என்றார். கோபப்படவில்லை. "இதைத்தான் நீ முதல்ல கேப்பேன்னு தெரியும். நேரம் என்ன, எத்தனை ஜன்னல், அப்புறம் என்ன செஞ்சீங்க, யார் பாத்தா. அதுக்கெல்லாம் என்கிட்ட பதில் இருக்கு. தினமும் நானே கேட்டுக்கிட்டுதான் படுத்திருந்தேன். இன்னொருத்தர் வேற கேக்கணுமான்னுதான் சொல்லலை."

அவள் துணியைக் கீழே வைத்தாள். தொண்டை வரை இன்னும் நாலைந்து கேள்விகள் வந்து முட்டிக்கொண்டு நின்றன. விழுங்கினாள்.

"நேத்து ஹெட்மாஸ்டரைப் பாத்துச் சொல்லிட்டேன்" என்றார் அவர். "மறைச்சது தப்புன்னு மேடமும் சொன்னாங்க. இனிமே வேன் கிடைக்குமான்னு தெரியலை. கிடைக்காம போனாலும் போகட்டும். திங்கக்கிழமை பத்து மணிக்கு அந்தக் குழந்தையோட அம்மா அப்பா வர்றாங்க. அவங்க முன்னாடி நான் உக்காந்து சொல்லணும்."

"தனியாவா?"

"அதான் கேக்கலாம்னு வந்தேன். நீ வர்றியா?"

"வர்றேன்."

"அங்க வந்து…"

"ஒரு வார்த்தை கேக்க மாட்டேன். உங்க பக்கத்துல உக்காந்திருப்பேன், அவ்வளவுதான்."

வேன்காரர் மடித்த துண்டை அடுக்கின் மேல் வைத்துவிட்டு, அவளை மேலும் கீழுமாக ஒருமுறை பார்த்தார். நம்பின முகமாகத் தெரியவில்லை. இருந்தாலும் அடுத்த துண்டை எடுத்து அதன் ஒரு முனையை அவளிடம் நீட்டினார்.